செஞ்சி மலையடிவாரத்துக்குச் சைக்கிளில் போவோமா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசியபோது, கீழே காற்றிறங்கிக் கிடக்கும் சைக்கிள்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வங்கியில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். எதையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் இல்லை. கீழே போய் எண்ணினேன். 17 சைக்கிள்கள். அவற்றில் 11 சைக்கிள்கள் தடித்த டயரும் கியரும் முன்பக்கம் சஸ்பென்ஷனும் உள்ளவை. கடையில் எம்டிபி என்கிறார்களே, அந்த வகை. மலைப்பாதைக்காகச் செய்த வண்டிகள். பீச் ரோடு வரைக்கும் போயிருக்கும். மலையை மட்டும் பார்த்திருக்காது.

"புதுச்சேரியில் மலை ஏது சார்?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் இல்லைதான். ஆனால் திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போனால் செஞ்சி. பெரிய பெரிய பாறைகளை யாரோ கொண்டுவந்து குவித்ததுபோன்ற குன்றுகள், அடிவாரத்தில் புதர்க்காடு, அதற்கு நடுவே மாட்டு வண்டித் தடம், ஆட்டுத் தடம். ஒவ்வொரு தடமும் ஏதாவது ஒரு பழைய கோயிலிலோ குளத்திலோ கோட்டைச் சுவரிலோ போய் முடியும். அங்கே எப்படிப் போவது, போனால் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமல்பாய்ஸ் என்ற மலையருகே இருந்த இளைஞர்கள் சிலர், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் இறங்கி ஓட்டினார்கள். 1976இல் அதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். பின்சக்கரத்துப் பிரேக் இறக்கத்தில் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது என்று பெயர் வந்தது. 20 வருடம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகிவிட்டது. பழைய சைக்கிளில் தொடங்கிய விஷயம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புது வண்டி வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இனி செஞ்சிக்கு வருவோம். செஞ்சிக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பேரேட்டில் எழுதினால் நம் பக்கம் முழுக்கப் பற்றுதான். வரவு வைத்ததாகத் தெரியவில்லை.

முதல் பற்று, ஆறு. வில்லியனூர் தாண்டித் திருக்காஞ்சியில் நாம் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிற சங்கராபரணி ஆறு, செஞ்சி மலையின் மேற்குச் சரிவில் பிறக்கிறது. செஞ்சியாறு, வராக நதி என்றெல்லாம் அதற்குப் பெயர் உண்டு. வீடூர் அணையில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, திருவக்கரையைத் தொட்டு, நம் பக்கம் வந்து கடலில் கலக்கிறது. ரோமாபுரியோடு வாணிபம் நடந்த அரிக்கமேடு இருப்பதும் இதே ஆற்றிலிருந்து பிரியும் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான். அந்த மலையில் மழை பெய்தால் நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஊறும்.

இரண்டாவது பற்று, கல். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா? அதன் நிழலில் உட்கார்ந்து பட்டாணி சாப்பிடாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலில் தூண்கள் போன இடம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து பீச் ரோட்டில் நின்றால், அந்தத் தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது, வரலாறு. சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் மொகலாயப் படையிடமிருந்து தப்பி வந்து இந்தக் கோட்டைக்குள் இருந்தார். முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீண்டு 1698இல்தான் கோட்டை விழுந்தது. அப்போதெல்லாம் புதுச்சேரி, செஞ்சி ஆட்சியின் கீழ் இருந்த ஒரு சிறிய துறைமுகம். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் நாம் கேட்ட தேசிங்கு ராஜா 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தார். 1750 செப்டம்பரில் துய்ப்ளேக்ஸ் அனுப்பிய படை, புஸ்ஸியின் தலைமையில் ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. நம் ஊர்த் தெருவில் பெயர் இருக்கிறதே, அதே புஸ்ஸிதான். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது. ஆக, இந்த ஊரின் கதையில் பாதி அந்த மலையில் நடந்திருக்கிறது. நாமோ திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.

பஸ்ஸிலும் காரிலும் போனால் கோட்டை வாசல் மட்டும்தான் தெரியும். நடந்து போகலாம் என்றால் ஒரு நாளில் இரண்டு இடம்கூடப் பார்க்க முடியாது. சைக்கிள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்குள் நிறுத்தி வழி கேட்கலாம். நுங்கு விற்கிறவரிடம் இறங்கி நின்று பேசலாம். வண்டித் தடத்தில் போகலாம். அதனால்தான் சொல்கிறேன்.

ஆனால் எடுத்தவுடன் மலைக்குப் போகக் கூடாது. மூன்று மாதத்தில் மூன்று படியாக ஏறுவோம்.

முதல் மாதம் நம் பக்கத்திலேயே பழகுவோம். ஊசுட்டேரிக் கரைப் பக்கமும், ஆரோவில்லைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகளும் போதும். ஆரோவில்லில் பொதுவாகத் திறந்திருக்கும் சைக்கிள் பாதைகளில் மட்டும் போக வேண்டும். வேலி போட்ட இடத்துக்குள் நுழையக் கூடாது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு ஏறக்குறைய மரமில்லாத செம்மண் பொட்டல். இன்று நிழலில் போகிறோம். வெப்பாலை, உசிலை, வீரை, களா என்று இந்தக் கடற்கரைப் பகுதிக்கே உரிய காட்டு மரங்களைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள். அந்த மரங்கள் இயல்பாக எப்படி வளரும் என்று பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பாருங்கள். சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் தப்பிய காடு.

அதே செம்மண் மேட்டில் மழைநீர் அரித்து உண்டான பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. படம் எடுக்கப் போவீர்களே, அவைதான். ஆரம்பத்தில் அவையும் விரற்கடை ஆழமுள்ள கோடுகளாகத்தான் இருந்திருக்கும். ஈரமான செம்மண்ணில் சைக்கிள் டயர் ஒரு கோடு போடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டையே வாய்க்காலாக ஆக்கிக்கொள்ளும். பத்து பேர் ஒரே சரிவில் குறுக்குவழி போட்டால் அந்தச் சரிவு இரண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் மழை பெய்து மண் காயும் வரை மண்பாதையில் வண்டியை இறக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்வோம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நமக்கு நல்ல காலம்.

இரண்டாவது மாதம் திருவக்கரை. சங்கராபரணியை ஒட்டிய கிராமங்கள் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வக்கிரகாளி கோயிலை நீங்கள் அறிவீர்கள். பௌர்ணமிக்குப் போய்வருபவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். கோயிலைக் கல்லால் கட்டிய பெருமை சோழ அரசி செம்பியன் மாதேவிக்கு உரியது. அதற்கு அருகிலேயே கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கிளையும் வேரும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதைக் கவனியுங்கள். அவை அங்கே வளர்ந்தவை அல்ல, பழங்கால வெள்ளம் எங்கிருந்தோ அடித்துவந்து புதைத்தவை என்று நிலவியலாளர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம். 18ஆம் நூற்றாண்டிலேயே சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதை எழுதி உலகத்துக்குச் சொல்லிவிட்டார். ஓர் எச்சரிக்கை: அந்தப் பக்கம் கல் குவாரிகள் அதிகம். ஜல்லி ஏற்றிய லாரிகள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது மாதம்தான் செஞ்சி. தேசிய நெடுஞ்சாலையில் பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்டவிட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சைக்கிள்களை ஒரு சிறிய லோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் வேனில் போவோம். செஞ்சியில் இறங்கிய பிறகு சைக்கிள்.

செஞ்சியிலிருந்து வடக்கே சிங்கவரம். பாறையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கிருந்து திருநாதர்குன்று பக்கம்தான். போக வரச் சுமார் 10 கிலோமீட்டர் இருக்கும். திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. நம் 'ஐ' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்றை அதில் காணலாம். தமிழ் இரண்டாம் தாளுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நின்று அந்த 'ஐ'யைத் தேடிக் கண்டுபிடித்தால் அதன் பிறகு மறக்கவே மறக்காது.

தெற்கே விழுப்புரம் சாலையில் வந்தால் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் செய்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமையோடு சொல்லியிருக்கிறான். இந்தப் பகுதியின் பல்லவர் சின்னங்களை உலகறியச் செய்தவர்களில் ஒருவர், புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர். பனமலைக் கோயில் ஓவியத்தை வெளிக்கொண்டுவந்தவரும் அவர்தான். ஆகவே புதுச்சேரிக்காரர்கள் மலையடிவாரம் சுற்றுவது புதிய வழக்கம் ஒன்றும் இல்லை.

கோட்டையைப் பொறுத்தவரை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் ஓடுகிறது. ராஜகிரி சுமார் 800 அடி. சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு ஏற வேண்டும். படிக்கட்டில் சைக்கிளை இறக்கிக் காட்டும் வேலை நமக்கு வேண்டாம். முட்டி வலி உள்ளவர்கள் கீழே கல்யாண மகால், களஞ்சியம், குளங்கள் பார்த்தாலே ஒரு நாள் போய்விடும். ஏறுபவர்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குக்கு அது முன்பே தெரிந்துவிடும்.

ஓட்டுவதைப் பற்றிச் சில வார்த்தைகள். மேடு வந்த பிறகு கியர் மாற்றாதீர்கள், வருமுன் மாற்றுங்கள். இல்லாவிட்டால் செயின் கழன்று நடுமேட்டில் நிற்பீர்கள். சரளைக்கல் ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும்; உட்கார்ந்தே மெதுவாக மிதியுங்கள். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். டயரின் பக்கவாட்டில் காற்று அளவு அச்சிட்டிருக்கும்; மண்பாதைக்கு அதில் குறைந்த அளவை ஒட்டி வைத்துக்கொண்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். வேலிக்காத்தான் முள் எந்த டயரையும் விடாது. ஆளுக்கு ஒரு மாற்று டியூப், நாலு பேருக்கு ஒரு பம்ப் கட்டாயம். ஹெல்மெட் இல்லாதவர் வேனிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள என் வயதுக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

கடைசியாக, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று, அது செஞ்சி. நமக்குப் பெருமைதான். ஆனால் இனிக் கூட்டம் வரும். அந்த அடிவாரத்துத் தடங்களும் பாறைகளும் அடுத்த பத்து வருடத்தில் எப்படி ஆகும் என்பது வருகிறவர்கள் கையில் இருக்கிறது. ஆயிரம் வருடம் தாண்டிய பாறையில் சாக்பீஸாலும் பெயிண்டாலும் அம்பு துளைத்த இதயம் வரைந்திருப்பதை நீங்கள் எல்லாக் கோட்டையிலும் பார்த்திருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். கல்மரத் துண்டு ஒன்றை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வருகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்தால், நம் பேரப்பிள்ளைகள் வெறும் வேலியைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் நம் குழுவுக்கு நான்கு விதிகள். ஒன்று, ஏற்கனவே உள்ள தடத்தில் மட்டும் ஓட்டுவோம். புதிய தடம் போட மாட்டோம். இரண்டு, பக்கமலை போன்ற காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய மாட்டோம். மூன்று, அந்தத் தடங்கள் ஆடு மேய்ப்பவர்களுடையது, விறகு சுமந்து வருபவர்களுடையது. எதிரே ஆளோ ஆடோ மாடோ வந்தால் நாம்தான் இறங்கி ஒதுங்கி நிற்போம். பெல் அடித்து விரட்டக் கூடாது. நான்கு, கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவோம். அங்கிருந்து ஒரு கல்லைக்கூடக் கொண்டுவர மாட்டோம். தண்ணீரையும் தூணையும் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது. இனியாவது அந்தக் கணக்கில் புதிய பற்று எழுதாமல் இருப்போம்.

மதியச் சாப்பாட்டுக்கு இங்கிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் யோசனை. செஞ்சியிலேயே மெஸ்ஸில் சாப்பிடுவோம். பஞ்சர் ஒட்டுவதையும் அங்கே உள்ள கடையிலேயே ஒட்டுவோம். இளநீர், நுங்கு, வேர்க்கடலை எல்லாம் வழியில் உள்ளவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குவோம். வரவுப் பக்கத்தில் எழுத அதுவாவது இருக்கட்டும்.

முதல் பயணம் வருகிற தை மாதம் இரண்டாவது ஞாயிறு, ஊசுட்டேரிக்கு. காலை ஐந்தரைக்குக் கேட் அருகே கூடுவோம். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவர் வர வேண்டும். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டால் அந்த மூன்று வாரத்துக்குள் மொட்டை மாடியில் நான் கற்றுத் தருகிறேன். சைக்கிள் ரிப்பேர்க்காரரை அடுத்த சனிக்கிழமை நம் குடியிருப்புக்கே வரச்சொல்லியிருக்கிறேன். எல்லா வண்டிக்கும் காற்று, பிரேக் கட்டை, செயின் பார்த்துத் தருவார். கூலி அவரவர் கொடுக்க வேண்டும். சங்க நிதியில் கைவைக்க வேண்டாம். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் பெயரும் வீட்டு எண்ணும் எழுதுங்கள்.

சுண்டல் ஆறுகிறது.